அம்மா பிறந்தது ஹாலிஃபாக்ஸில்: பிரிட்டிஷ் குடியுரிமையும் தாய்வழியும்

ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல்வெட்டு என்று எழுதிக்கொண்டு திரிபவனுக்கு ஒரு தொல்லை உண்டு. யார் வீட்டில் பழைய சான்றிதழ் தொலைந்தாலும் நம்முடைய நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். போன ஆடி மாதம் அப்படித்தான் ஒரு அழைப்பு வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவர்.

"தம்பி, எங்கம்மாவோட பர்த் சர்டிபிகேட் ஒண்ணு எடுத்துத் தர முடியுங்களா? அம்மா பொறந்தது ஹாலிஃபாக்ஸுங்க."

பேச்சு சுத்தமான கொங்குத் தமிழ். நான் முதலில் கனடாவில் இருக்கிற ஹாலிஃபாக்ஸ் என்று நினைத்தேன். இல்லை, இங்கிலாந்தில் யார்க்ஷயர் ஹாலிஃபாக்ஸ். அவருடைய அப்பா 1953-ல் லீட்ஸுக்கு நூற்புத் தொழில் படிக்கப் போனவர். 1956-ல் ஹாலிஃபாக்ஸ் பெண் ஒருவரை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மறுவருடம் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். அண்ணன் (இனி அவரை அப்படியே சொல்கிறேன்) பிறந்தது 1959 அக்டோபரில். தங்கை 1963 மார்ச்சில். அந்த அம்மா மில் குவார்ட்டர்ஸிலும் பிறகு சொந்த வீட்டிலுமாக ஐம்பது வருடம் இங்கே வாழ்ந்து, 2006-ல் இங்கேயே காலமானார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை "வா கண்ணு" என்று கூப்பிடுவாராம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தங்கச்சி 1980-லயே பிரிட்டிஷ் சிட்டிசன் ஆயிட்டா. எனக்கு இல்லைன்னுட்டாங்க. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே ஆஸ்பத்திரி. அது எப்படிங்க தம்பி?"

சான்றிதழ் எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கிறது. 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் அண்ணனுக்குத் தெரிந்திருந்ததால் பத்து நிமிடத்தில் பதிவு கிடைத்துவிட்டது. அந்த "எப்படிங்க"வுக்குப் பதில் தேடத்தான் மூன்று மாதம் ஆனது. கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பதில் 1351-ல் தொடங்குகிறது. மூன்றாம் எட்வர்டின் காலம். பிரான்சோடு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, பிரபுக்கள் குடும்பம் குடும்பமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார்கள். அங்கே பிறக்கிற பிள்ளை இங்கிலாந்தில் சொத்துக்கு வாரிசாக முடியுமா என்று சந்தேகம் வந்தது. முடியும் என்று சட்டம் போட்டார்கள். தாய், தந்தை இருவருமே மன்னருக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: தாய் கடல் தாண்டியது கணவனின் அனுமதியோடும் சம்மதத்தோடும் இருந்திருக்க வேண்டும். கடல் தாண்டக் கட்டுப்பாடு போட்டது நம் ஊர் சாஸ்திரக்காரர்கள் மட்டும்தான் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்றரை நூற்றாண்டைத் தாண்டி 1708-க்கு வந்தால், வெளிநாட்டில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைகளின் பிள்ளைகளும் பிரஜைகளே என்று ஒரு சட்டம். யாருடைய பிள்ளைகள்? அப்பாவுடையதா, அம்மாவுடையதா? சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 1730-ல் அதை விளக்குவதற்கென்றே இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். தந்தை பிரஜையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1772-ல் இன்னும் ஒரு தலைமுறை நீட்டினார்கள், அதுவும் அப்பாவின் அப்பா வழியாக. தாய்வழி வாசல் 1730-ல் சாத்தப்பட்டது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். அது சரியாகத் திறக்க 1983 ஆகிவிட்டது. 253 வருடம்.

ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு பெண்ணின் வம்சத்துக்கு மட்டும் வாசல் அகலத் திறந்திருந்தது. ஹனோவரின் சோஃபியா. பிரிட்டனின் முடி கத்தோலிக்கர் கைக்குப் போய்விடக் கூடாது என்று தேடிப் பிடித்த ஜெர்மன் இளவரசி. அவருக்கு அந்த உரிமை வந்ததே அவருடைய அம்மா, முதலாம் ஜேம்ஸின் மகள், வழியாகத்தான். 1705-ல் சோஃபியாவுக்கும் அவருடைய வம்சத்தில் இனிப் பிறக்கப்போகிற அனைவருக்கும் பிரஜை அந்தஸ்து என்று சட்டம் இயற்றினார்கள். ஆண் வழி, பெண் வழி என்ற பேச்சே அதில் இல்லை, இத்தனை தலைமுறை என்ற எல்லையும் இல்லை. எல்லோரும் மறந்துபோன இந்தச் சட்டத்தை 1950-களில் ஹனோவர் இளவரசர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் தூசு தட்டி எடுத்தார். 1914-ல் ஜெர்மனியில் பிறந்தவர். நான் சோஃபியாவின் வம்சம், ஆகவே பிரிட்டிஷ் பிரஜை என்று வழக்குப் போட்டு, பிரபுக்கள் சபை வரைக்கும் போய் ஜெயித்தார். 1948 சட்டம் அந்தப் பழைய சட்டத்தை ரத்து செய்திருந்தாலும், அதற்கு முன்பே பிறந்துவிட்டவர்களுடைய உரிமை போகாது என்று தீர்ப்பு. ஹாலிஃபாக்ஸ் அம்மா பதிவுத் திருமணம் செய்துகொண்ட காலத்தையொட்டி நடந்த வழக்கு இது.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மறுவருடம் சிட்னியில் மகன் பிறந்தான், பெயரே மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அப்பா வழிதான் கணக்கு என்றால் அவன்தான் அடுத்த ராஜா. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா வெள்ளைக்காரி. 1928-ல் ராஜா பிரான்சில் இறந்ததும் பட்டம் வேறு கிளைக்குப் போய்விட்டது. இது வாரிசுரிமைப் பிரச்சினை, குடியுரிமைச் சட்டம் அல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். இருந்தாலும் தாய்வழியை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வரும். வேண்டிய இடத்தில் நன்றாகவே கண்டுகொண்டார்கள்.

1870-ல் இன்னொரு இடி. வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்த பிரிட்டிஷ் பெண் தன் பிரஜை அந்தஸ்தையே இழப்பாள் என்று சட்டம். பிள்ளைக்குக் கொடுப்பது இருக்கட்டும், தன்னிடமே இருக்காது. 1914 சட்டமும் அதையே தொடர்ந்தது. அதே 1914 சட்டம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பா பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்றது. 1922-ல் அதைத் தளர்த்தி, பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிவு செய்தால் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோகலாம் என்றார்கள். அதுவும் அப்பா வழியாகத்தான். இந்தத் தூதரகப் பதிவை மறந்துவிடாதீர்கள், 2018-ல் திரும்ப வரும்.

இந்தியரைக் கட்டியவர்களுக்கு 1870 இடி விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவன் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைதான், வெளிநாட்டவன் இல்லை. நம் தாத்தாக்கள் எல்லோருமே அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். புதுக்கோட்டை, திருவிதாங்கூர் மாதிரி சமஸ்தானத்துக்காரர்கள் மட்டும் "பாதுகாக்கப்பட்டவர்கள்" என்ற தனி இனம்.

1948 சட்டம் 1949 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா, பாகிஸ்தான், கனடா என்று ஒவ்வொரு நாடும் தனித்தனிக் குடியுரிமை வகுக்கத் தொடங்கிவிட்டதால், பிரிட்டனும் தனக்கென்று "ஐக்கிய ராஜ்யம் - காலனிகள் குடியுரிமை" என்று ஒன்றை உருவாக்கியது. இன்றைய பிரிட்டிஷ் குடியுரிமையின் அப்பன் அது. இந்தச் சட்டத்தில் பெண்களுக்கு ஒரு பெரிய நன்மை கிடைத்தது. யாரைக் கட்டினாலும் தன் குடியுரிமை போகாது, முன்பு இழந்தவர்களுக்கும் திரும்ப வந்தது. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கிற உரிமை? அது அப்பாவிடமே இருந்தது. ஆகவே 1959-ல் அண்ணன் பிறந்தபோது, அவருடைய அம்மா அசைக்க முடியாத பிரிட்டிஷ் குடிமகள், அண்ணன் இந்தியக் குடிமகன் மட்டும். அப்பா யார்க்ஷயர்காரராகவும் அம்மா கோயம்புத்தூர்க்காரராகவும் இருந்திருந்தால் தொட்டிலிலேயே குடியுரிமை கிடைத்திருக்கும்.

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட பிரபலம் ஒருவர் உண்டு. ஸ்பைக் மில்லிகன். பிபிசி வானொலியில் 1951 முதல் 1960 வரை நடந்த கூன் ஷோவை எழுதி நடித்த ஆள். 1918-ல் அகமத்நகரில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த ஐரிஷ்காரர், ஸ்லைகோவில் பிறந்தவர். அம்மா ஆங்கிலேயப் பெண். இரண்டாம் உலகப் போரில் மில்லிகன் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் சண்டை போட்டார். 1960-ல் பாஸ்போர்ட் கேட்கப் போனால் இல்லை என்றுவிட்டார்கள். அவர் பிறந்தது இந்தியாவில், அப்பா பிறந்த ஸ்லைகோ இப்போது வேறு நாட்டில். அம்மாவைக் கேட்கவே சட்டத்தில் இடமில்லை. விசுவாசப் பிரமாணம் எடுத்தால் பார்க்கலாம் என்ற நிலை. ஆறு வருடம் சண்டை போட்டவனிடம் பிரமாணமா என்று அவருக்குக் கோபம். 1962-ல் அப்பா வழியாக ஐரிஷ் குடிமகனாகிவிட்டார். கடைசிவரை அப்படியே இருந்தார். அதனால்தான் பிரிட்டன் பிறகு கொடுத்த சர் பட்டம்கூட அவருக்குக் "கௌரவ" பட்டமாகவே கிடைத்தது.

இனி வருவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட பகுதி.

1960-களில் கென்யாவிலிருந்த இந்தியர்கள், பெரும்பாலும் குஜராத்திகளும் பஞ்சாபிகளும், பிரிட்டனுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது முழுமையான பிரிட்டிஷ் பாஸ்போர்ட். தடுக்க வழியில்லை. 1968-ல் மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேறியது. பாஸ்போர்ட் இருந்தால் போதாது, நீயோ உன் பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ ஐக்கிய ராஜ்யத்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். கவனியுங்கள், பெற்றோரில் ஒருவர். அப்பா என்று இல்லை. நைரோபியில் பிறந்த வெள்ளைக்காரனுக்கு இங்கிலாந்தில் ஒரு பாட்டியாவது இருப்பாள், நைரோபி பட்டேலுக்கு இருக்க மாட்டாள். சலிக்கிற சல்லடை அதுதான். கிழக்கு ஆப்பிரிக்க ஆசியர்களின் புகாரை விசாரித்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1973-ல் இதை இனப் பாகுபாடு என்றே சொன்னது.

1971 குடியேற்றச் சட்டம் அதே சல்லடையை இன்னும் நயமாக நெய்தது. 1973 ஜனவரி 1 முதல் அமல். "குடியிருப்புரிமை" என்ற ஒன்றைக் குடியுரிமையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் எவனுக்கும், அவன் பிறந்தபோது ஐக்கிய ராஜ்யத்தில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகனோ குடிமகளோ பெற்றோராக இருந்தால், பிரிட்டனில் தடையில்லாமல் வாழவும் வேலை செய்யவும் உரிமை உண்டு. அம்மாவாக இருந்தாலும் சரி. ஆஸ்திரேலியா, கனடாவில் இருக்கிற தங்கள் ரத்தத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இந்தியாவும் காமன்வெல்த்தில் இருந்ததே!

இதைப் படித்ததும் அண்ணனுக்கு போன் போட்டேன். 1981-ல் அவருக்கு என்ன நடந்தது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஹாலிஃபாக்ஸில் தாய்மாமன் ஒரு கார்ப்பெட் மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாராம். நீ சிட்டிசன் இல்லை, ஒர்க் பெர்மிட் கிடைக்காது என்று எல்லோரும் சொல்ல, விட்டுவிட்டார். மறுவருடம் தங்கை மட்டும் விமானம் ஏறினாள்.

"அண்ணா, உங்களுக்கு ஒர்க் பெர்மிட்டே தேவைப்பட்டிருக்காது. 1973-லிருந்தே அங்கே போய் இருக்க உங்களுக்கு உரிமை இருந்திருக்கு. பேட்ரியல் என்று ஒரு சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே குத்திக் கொடுத்திருப்பார்கள்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ நாங்க கேட்டதே தப்பான கேள்விங்களா?"

ஆமாம். சிட்டிசனா என்று கேட்டார்கள். இல்லை என்ற பதில் சட்டப்படி சரியான பதில். வந்து இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லாது. அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே ஹாலிஃபாக்ஸின் பெரிய கார்ப்பெட் ஆலையான டீன் க்ளஃப் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. போயிருந்தாலும் அந்த வேலை நிலைத்திருக்குமா தெரியாது. சொன்னேன். "அது வேறங்க தம்பி" என்றார். அது வேறுதான்.

சரி, தங்கைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? 1979 பிப்ரவரி 7. அன்றைய தேதியில் மெர்லின் ரீஸ் உள்துறை அமைச்சர். ஐக்கிய ராஜ்யத்தில் பிறந்த தாய்மார்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்திருந்தாலும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களாக இருந்தால், அமைச்சரின் விருப்ப அதிகாரத்தைக் கொண்டு குடிமக்களாகப் பதிவு செய்வோம் என்று அரசு அறிவித்தது. சட்டம் மாறவில்லை, நடைமுறைதான் மாறியது. சித்தி ஹாலிஃபாக்ஸிலிருந்து இதைப் பற்றிய பத்திரிகைத் துண்டைக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதிப் போட்டார். தங்கைக்கு வயது பதினேழு, பதிவானாள். அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்தது 1977 அக்டோபரில். அறிவிப்பு வந்தபோது பதினாறு மாதம் தாண்டியிருந்தது.

1981 சட்டம் 1983 ஜனவரி 1 அன்று அமலானது. அன்றிலிருந்து பிறக்கிற பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா யார் வழியாகவும் குடியுரிமை. (கல்யாணம் ஆகாத அப்பா 2006 ஜூலை வரை அப்பாவாகக் கணக்கில் வரவில்லை. கம்பெனிக் காலத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல, அது தனிக் கட்டுரை.) ஏற்கெனவே பிறந்துவிட்டவர்களைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. 2002-ல் 4 சி என்ற பிரிவைச் சேர்த்து, 2003 ஏப்ரல் 30 முதல் அவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். யார்? 1961 பிப்ரவரி 7-க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1979 பிப்ரவரி 7-ல் பதினெட்டு ஆகாதவர்கள் என்பதைக் கழித்துப் போட்ட கணக்கு. அநியாயத்தைச் சரிசெய்ய வந்த சட்டம், பழைய அறிவிப்பின் வயது வரம்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் மறுபடியும் வெளியே. இந்தக் கோடு கடைசியில் 2010 ஜனவரி 13 அன்று அழிந்தது. 1983-க்கு முன் பிறந்த எவரும் தாய் வழியாகக் கேட்கலாம் என்று ஆனது. அப்போது அண்ணனுக்கு ஐம்பது வயது. பத்திரிகைத் துண்டு அனுப்பும் சித்தி இல்லை, எழுதிப் போடும் அம்மா இல்லை. விஷயமே அவருக்குத் தெரியவில்லை.

அதோடும் முடியவில்லை. ரோமைன் என்ற பெண் 1978-ல் அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய அம்மா தென்னாப்பிரிக்காவில் பிறந்து வம்சாவளியாகக் குடியுரிமை பெற்றவர். இப்படிப்பட்ட இரண்டாம் தலைமுறைக்குத்தான் முன்னே சொன்ன தூதரகப் பதிவு தேவை, பிறந்த ஒரு வருடத்துக்குள். ஆனால் அந்தக் காலத்தில் தூதரகம் அம்மா வழியாக வருபவர்களைப் பதிவே செய்யாது. செய்யவே முடியாத பதிவைச் செய்யவில்லை என்று நாற்பது வருடம் கழித்துக் குற்றம் சொன்னால் எப்படி? 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், நீதிபதி சம்ப்ஷன் எழுதிய தீர்ப்பில், அந்த நிபந்தனையைக் கண்டுகொள்ளக் கூடாது என்றது. 2022 ஜூனில் 4 எல் என்று இன்னொரு பிரிவும் வந்தது. பழைய சட்டத்தின் அநியாயத்தால் குடியுரிமை தவறியவர்களை அமைச்சர் தன் விருப்பப்படி பதிவு செய்யலாம். எனக்குத் தெரிந்து இத்தனை ஒட்டுப் போட்ட துணி வேறில்லை.

அண்ணன் விஷயத்தில் 4 எல் எல்லாம் தேவையில்லை. 4 சி போதும், யூ.கே.எம். என்ற படிவம். வேண்டிய காகிதம் மூன்று: அம்மாவின் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, அவருடைய பிறப்புச் சான்று. யார்க்ஷயர்க் காகிதம் இரண்டும் தபாலில் வந்து சேர்ந்தன. மூன்றாவதுதான் படுத்தியது. 1959-ல் நம்மூர் நகராட்சி ஒன்றின் ஏட்டில் குழந்தைக்குப் பெயரே இல்லை, "ஆண்" என்று மட்டும் இருந்தது. தாயின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் "சம்சாரம்" என்று போட்டிருந்தார்கள். தாய் வழியாக உரிமை கேட்கப் போகிறவருடைய சான்றில் தாயின் பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, அம்மாவின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் கொடுத்துத் திருத்தம் வாங்க ஐந்து மாதம் ஆனது.

நம் ஏட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே ஹாலிஃபாக்ஸ் திருமணச் சான்றைப் பிரித்தேன். மணமகன், மணமகள், வயது, தொழில், முகவரி, அப்பா பெயர், அப்பாவின் தொழில். பெண்ணின் அப்பா நெசவாலை மேஸ்திரி, மாப்பிள்ளையின் அப்பா விவசாயி. இரண்டு அம்மாக்களுக்கும் கட்டமே கிடையாது. இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தாயின் பெயரைச் சேர்க்கத் தொடங்கியது 2021 மே 4-ல்தான்.

காகிதம் எல்லாம் தயாரான பிறகு அண்ணன் ஒரு மாதம் யோசித்தார். பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவானால் நம் 1955 சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. இருக்கிற தென்னந்தோப்புக்கு ஆபத்தில்லை, புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. ஓசூரில் வேலை செய்கிற மகனுக்காவது இதனால் பயன் உண்டா என்றால் அதுவும் இல்லை. இந்த வழியில் வருவது வம்சாவளிக் குடியுரிமை, வெளிநாட்டில் பிறந்த அடுத்த தலைமுறைக்குப் போகாது. மகனுக்கு வேறு வழி இருக்கிறது. பாட்டி ஐக்கிய ராஜ்யத்தில் பிறந்தவர் என்பதால் காமன்வெல்த் குடிமகனான அவன் மூதாதையர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடம் வேலை செய்யலாம், அதன் பிறகு நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். பையனிடம் சொன்னதற்கு அவன் ஆர்வம் காட்டவில்லை.

கடைசியில் அண்ணன் கேட்டது அந்த 1971 சட்டத்து உரிமையைத்தான். தொடர்ந்து காமன்வெல்த் குடிமகனாகவே இருந்து வந்திருப்பதால் அது இன்னும் அவரிடம் அப்படியே இருக்கிறது. குடியிருப்புரிமைச் சான்று என்று இப்போது பெயர். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம். அதே மூன்று காகிதம்தான். மனு போன வாரம் போயிருக்கிறது.

"சிட்டிசன் எல்லாம் வேண்டாமுங்க தம்பி. தங்கச்சிக்கு முட்டி ஆபரேசன் வெச்சிருக்காங்க. போய் ரெண்டு மாசம் கூட இருந்துட்டு வரோணும். விசா கேக்காம போகோணும், அவ்வளவுதானுங்க."